கண்மாய்க்குள் போன புஞ்சை

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பண்ணாது, சரி. நாம் தப்பாகக் கொடுத்ததைப் பயபக்தியோடு வாங்கி, தப்பாகவே அச்சடித்து, காகிதத்தின் ஓரத்தில் வரிசையாக ஓட்டையும் போட்டுக் கையில் கொடுக்கும். அதற்குப் பெயர் தப்புப் பண்ணாமல் இருப்பது என்றால், எங்கள் ஆபீஸ் வெள்ளைத்துரையும் பிறந்ததிலிருந்து ஒரு தப்பும் பண்ணாதவன்தான்.

எண்பத்தாறாம் வருஷம். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மதுரைக்கு மேற்கேயும் வடக்கேயும் எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே நஞ்சை, எங்கே முள்ளுக்காடு என்று கம்ப்யூட்டரில் ஏற்றிப் படம் எடுக்கிற திட்டம். அந்தக் கம்ப்யூட்டரை நாங்கள் கண்ணால் பார்த்தது கிடையாது. அது மெட்ராஸில் ஏ.சி. அறையில் சுகமாக இருந்தது. இங்கே இருந்தது ரெண்டு மேஜை, சுற்றும்போது கடகடவென்று ஆடுகிற ஒரு ஃபேன், நான், வெள்ளைத்துரை, எங்கள் இருவருக்கும் மேலே இன்ஜினியர் கருத்தக்கண்ணன் சார்.

வேலை இதுதான். சர்வே வரைபடத்தின் மேல், கட்டம் கட்டமாகக் கோடு போட்ட கண்ணாடித் தாளை விரிக்க வேண்டும். ஒரு கட்டம் என்பது தரையில் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். ஒரு கட்டத்துக்கு ஒரே ஓர் எண். தண்ணீர் என்றால் ஒன்று, நஞ்சை இரண்டு, புஞ்சை மூன்று, வீடுகள் நான்கு, முள்ளுக்காடு ஐந்து, தரிசு ஆறு, தோப்பு ஏழு. ஒரே கட்டத்துக்குள் எல்லாம் கலந்து கிடந்தால், எது அதிக இடத்தை அடைத்திருக்கிறதோ அதன் எண்தான் ஏறும். மிச்சத்துக்கு அங்கே பேர் கிடையாது.

மேல் வரிசையில் ஆரம்பித்து இடமிருந்து வலமாக நான் எண்களை வாசிப்பேன். "அஞ்சு, அஞ்சு, மூணு, மூணு, ஒண்ணு…" எதிரே உட்கார்ந்து வெள்ளைத்துரை அதையெல்லாம் கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணாக எழுதிக்கொண்டே போவான். தாள் நிரம்பினால் அடுத்த தாள். கட்டுக் கட்டாக அந்தத் தாள்கள் மெட்ராஸ் போகும். அங்கே ஒரு பெண் அவ்வளவையும் கம்ப்யூட்டரில் தட்டுவாள். அது வரிசைக்கு இத்தனை கட்டம் என்று எண்ணி, அடுத்த வரிசைக்கு மடித்து, எண்ணுக்குப் பதில் ஒரு குறி போட்டுப் படமாக அச்சடித்துவிடும். தண்ணீருக்கு இரட்டைக் கோடு, முள்ளுக்காட்டுக்கு நட்சத்திரம், தரிசுக்குப் புள்ளி. காலையிலிருந்து சாயங்காலம் வரை எண் வாசித்து வாசித்து, வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டால்கூட "ரெண்டு, ரெண்டு" என்று வாயில் வரும். என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்.

வெள்ளைத்துரை சமயநல்லூர்க்காரன். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வருஷம் அவனுக்குப் பரவையில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பேர் அன்னக்கொடி. அவளுடைய அப்பா நல்லகாமன், பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்தது ஒரே முறை. அதற்குப் பிறகு பையன் எண் எழுதும்போதும் சிரித்துக்கொண்டே எழுதினான். ஐப்பசியில் பரிசம் போடுவதென்று நாள் குறித்தாகிவிட்டது.

நல்லகாமன் சம்மதித்ததற்கு எங்கள் ஆபீஸ் காரணமில்லை. எங்கள் வேலை தற்காலிகம், திட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் சம்மதித்தது வெள்ளைத்துரையின் ஒன்றே முக்கால் ஏக்கர் புஞ்சையைப் பார்த்து. "ஆபீஸ் வேலை இன்னைக்கி இருக்கும், நாளைக்கிப் போயிரும். புஞ்சை எங்கயும் போகாதுல்ல" என்றாராம். அதை வெள்ளைத்துரையே பெருமையாக வந்து என்னிடம் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் படம் வந்து இறங்கியது. நீள நீளமான தாள்கள். ஒட்டி முடித்துச் சுவரில் மாட்டினால் கதவு உயரத்துக்கு நின்றது. கருத்தக்கண்ணன் சார் கண் கலங்கிப்போய்ச் சூடம் காட்டினார், சத்தியமாக. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அங்கங்கே ஒரு குறியும் இல்லாமல் ஒற்றைக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

"என்ன சார் இது, ஓட்டை ஓட்டையா?"

"மிஷின் ரிப்பன் தேஞ்சிருக்கும்மா. நல்ல நாளும் அதுவுமா நொட்டை சொல்லாத" என்றார் சார்.

வெள்ளைத்துரை சும்மா இருந்தானா? வருங்கால மாமனாரை ஆபீஸுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மடிப்புக் கலையாத வேட்டியோடு நல்லகாமன் மாடியேறி வந்து, படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல எல்லா ஊரும் இருக்கா?"

"எல்லாம் இருக்கு மாமா. நம்ம புஞ்சைகூட இருக்கு. காட்டவா?"

காட்டினான். ஸ்கேலை வைத்து, வரிசையையும் கட்டத்தையும் எண்ணி, ஒரு விரலை ஊன்றினான். ஊன்றிய விரலை எடுக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். விரலுக்கு அடியில் இரட்டைக் கோடு. சுற்றிலும் இரட்டைக் கோடு. ஒன்றே முக்கால் ஏக்கரும் நடுக் கண்மாயில் கிடந்தது.

"இந்தக் கோடு எதுக்கு?" என்றார் நல்லகாமன்.

கருத்தக்கண்ணன் சார்தான், விவரம் புரியாமல், ரொம்ப மரியாதையாக, "அது தண்ணிங்க. கண்மாய்" என்று எடுத்துக் கொடுத்தார்.

"கண்மாய்க்குள்ள உழுதுக்கிட்டா இருக்க நீ?"

"இல்ல மாமா, நீங்கதான் நேர்ல வந்து பாத்தீகள்ல. கம்பு நின்னுச்சுல்ல?"

"நான் பாத்தது கம்புதான்டா. சர்க்கார் பாத்தா கண்மாயாத் தெரியுதே. நாளைக்கி ஆக்கிரமிப்புன்னு சங்கிலியத் தூக்கிட்டு அளக்க வருவான். எம்மகளத் தூக்கிட்டு நான் எங்க போறது?"

"அண்ணே, இதுக்கும் பட்டாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுண்ணே. எந்தப் பக்கம் கிணறு வெட்டலாம்னு மொத்தமாப் பாக்கத்தான் இந்தப் படம்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"நீ சும்மா இரு தாயி. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுன்னு இவந்தான் ஊரெல்லாம் சொன்னான்." துண்டை உதறித் தோளில் போட்டார். "படத்துல புஞ்சை புஞ்சையா வரட்டும், அப்பறம் பரிசத்தப் பத்திப் பேசுவோம். வாரேன்."

அவர் படியிறங்குகிற சத்தம் நிற்கும்வரை வெள்ளைத்துரை விரலை எடுக்கவே இல்லை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "எல்லாம் போச்சுக்கா" என்றான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ரெண்டு போடலாம் போலவும் இருந்தது. அந்தாளைக் கூட்டிக்கொண்டு வா என்று யாராவது சொன்னார்களா?

மறுநாள் படத்தையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். சார் பழைய பாட்டையே பாடினார்: கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, சமயநல்லூரில் கண்மாய்தான் பெருகியிருக்கும். "ஊருக்குள்ள போற பஸ்ஸெல்லாம் நீந்தியா சார் போகுது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மேலே அலங்காநல்லூர்ப் பக்கம் எல்லாம் கிட்டத்தட்ட சரி. கொஞ்சம் கீழே வந்தால் எல்லாம் கொஞ்சம் கிழக்கே தள்ளியிருந்தது. சமயநல்லூருக்கு வரும்போது அரை மைல். மேற்கே கிடக்க வேண்டிய கண்மாய் நகர்ந்து வந்து வெள்ளைத்துரையின் புஞ்சைமேல் உட்கார்ந்திருந்தது. பரவையில் தள்ளல் இன்னும் கூட. ஆரப்பாளையத்தில் எங்கள் லாட்ஜ் நின்ற இடத்தில் நெல் விளைந்தது. மொத்தப் படமும் கீழே போகப் போகக் கிழக்குப் பக்கமாகச் சரிந்துகொண்டே போயிருக்கிறது, நாங்கள் அதற்குச் சூடம் காட்டியிருக்கிறோம்!

வெள்ளைக் கட்டங்களும் என்னை உறுத்தின. ரிப்பன் தேய்ந்தால் வரியே மங்கலாக வரும். இது இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, எண்ணி வைத்தாற்போல ஒவ்வொரு கட்டம்.

"அந்த எழுதுன தாளையெல்லாம் எடு" என்றேன்.

வெள்ளைத்துரை மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த கட்டைத் தூக்கி வந்தான். முதல் தாளைப் பார்த்தேன். முதல் கட்டத்தில், சிவப்புப் பேனாவில், அழகாக ஒரு பிள்ளையார் சுழி. ரெண்டாவது தாள், முதல் கட்டம், பிள்ளையார் சுழி. மூன்றாவது தாள். நாலாவது தாள். கட்டு முழுக்கப் பிள்ளையார்.

"என்னடா இது?"

"சுழிக்கா."

"தெரியுது. கட்டத்துக்குள்ள எதுக்குடா போட்ட?"

"புதுத் தாள் ஆரம்பிக்கையில சுழி போடாம எப்பிடிக்கா?"

"மேல ஓரத்துல போட வேண்டியதுதான?"

"ஓரத்துல போட்டா கிளிப்பு மாட்டும்போது கிழிஞ்சுருதுக்கா. சாமி விஷயம் பாருங்க. அதான் பத்திரமா உள்ள வச்சேன்."

"அப்ப அந்தக் கட்டத்துக்கு நான் வாசிச்ச எண்ணு?"

"அத அடுத்த கட்டத்துல எழுதிட்டேன். ஒரு எண்ணுகூட விடலக்கா, சத்தியமா."

எனக்கு வந்ததே கோபம்! ஸ்கேலை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தேன், சார் உள்ளறையில் இருந்து ஓடி வந்தார். மெட்ராஸ் பெண் என்ன செய்திருப்பாள் என்று இப்போது விளங்கியது. கட்டத்துக்குள் வட்டமாக ஏதோ இருக்கிறது, அவள் அதைப் பூஜ்யம் என்று தட்டிவிட்டாள். பூஜ்யத்துக்குக் குறி கிடையாது என்பதால் கம்ப்யூட்டரும் அதை வெள்ளையாக விட்டு, ஓர் இடமாகவும் எண்ணிக்கொண்டது. அதற்குப் பின்னால் வந்த எண்களெல்லாம் ஒரு கட்டம் வலது பக்கம் தள்ளி உட்கார்ந்தன. அடுத்த தாளில் இன்னொரு பிள்ளையார், இன்னொரு கட்டம். இப்படியே தாளுக்கு நூறு மீட்டராக மதுரை ஜில்லா நடந்து போயிருக்கிறது.

"ஒம் புஞ்சையக் கண்மாயில தள்ளுனது மெட்ராஸ்காரி இல்லடா, நீதான்!"

அவன் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "நல்லது நடக்கணும்னுதானக்கா போட்டேன்" என்றான். அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

சார் விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் மனுஷன் குறை சொல்ல முடியாதவர். எல்லாத் தாளிலும் முதல் கட்டத்தை நீக்கித் திரும்ப ஓட்டச் சொல்லி, அவரே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி மெட்ராஸ் போனார். பரிசத்துக்கு மூன்று நாள் இருக்கையில் புதுப் படத்தோடு வந்து சேர்ந்தார். வைகை தன் பாட்டுக்குத் தன் இடத்தில் ஓடியது. லாட்ஜ் ஊருக்குள் வந்துவிட்டது. வெள்ளைக் கட்டம் ஒன்றுகூட இல்லை. வெள்ளைத்துரை ஸ்கேலோடு ஓடிப் போய் எண்ணி விரலை ஊன்றினான்.

நட்சத்திரம்.

"அக்கா, இது முள்ளுக்காடுல்ல?"

திரும்ப எண்ணினோம். வரைபடத்தைப் பார்த்தோம். படம் சரிதான், ஒரு குற்றமும் இல்லை. அவனுடைய ஒன்றே முக்கால் ஏக்கர் நீளவாக்கில் ஒடுங்கிக் கிடந்து, ரெண்டு கட்டத்துக்குள் பாதிப் பாதியாக மாட்டியிருந்தது. ரெண்டிலும் பக்கத்து முள்ளுக்காடுதான் அதிகம். நான் 'அஞ்சு, அஞ்சு' என்று வாசித்திருக்கிறேன், அவன் தன் சொந்தப் புஞ்சையைத் தன் கையாலேயே 'அஞ்சு, அஞ்சு' என்று எழுதியிருக்கிறான்.

"தண்ணிக்குள்ள இருந்து தூக்கி முள்ளுக்குள்ள போட்டுட்டீகளே அக்கா!"

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கையில் ரப்பரும் கறுப்பு மைப் பேனாவும் வைத்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

"ரெண்டே ரெண்டு கட்டந்தான்க்கா. இம்புட்டுப் பெரிய படத்துல யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல. ஒனக்கு ரெண்டு மாத்துனா, பாக்கி ஊர்க்காரன் புஞ்சையெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? வை பேனாவ."

வைத்துவிட்டான். ஆனால் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையின் கல்யாணம், கட்டத்தைக் காப்பாற்றி நான் என்ன பதக்கமா வாங்கப்போகிறேன் என்றிருந்தது.

மறுநாள் நல்லகாமனே வந்தார், புதுப் படம் வந்துவிட்டதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பின்னால் ஒரு பெண்ணும் படியேறி வந்தாள். "நானும் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா" என்றார். அன்னக்கொடி. நல்ல உயரம், தலை நிறையக் கதம்பம், யாரைப் பார்த்தும் குனியாத கண். வெள்ளைத்துரை எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது.

"கண்மாய் போயிருச்சா?"

"போயிருச்சு மாமா."

"இப்ப என்ன இருக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். "முள்ளுக்காடுன்னு இருக்கு மாமா" என்றான். பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். கட்டத்துக்கு ஒரே எண்தான், பெரியது மட்டும்தான் தெரியும், சின்னது மறைந்துவிடும் என்று நானும் சேர்த்துச் சொன்னேன். நல்லகாமன் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அன்னக்கொடி மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"கண்மாயாவது பரவாயில்ல, மீனாச்சும் பிடிக்கலாம்" என்று அவர் துண்டை உதறினார். "வா ஆத்தா, போவோம்."

"இருங்கப்பா." அவள் நகரவில்லை. "ஏக்கா, இதுல பரவை இருக்கா?"

"இருக்கே."

"எங்க தென்னந்தோப்பு எங்கன்னு பாருங்களேன். மார்க்கெட்டுக்கு வடக்க, கருப்பு மாமா செங்கல் சூளைக்கு ஒட்டுனாப்ல."

"ஆமா, அதப் பாரு தாயி" என்று நல்லகாமனும் திரும்பினார். "நாப்பது மரம். பரவையிலேயே அப்பிடி ஒரு தோப்புக் கிடையாது."

நான் எண்ணினேன். விரலை ஊன்றினேன். ஊன்றிய பிறகுதான் அடடா என்றிருந்தது. சூளையும் மண் தோண்டிய பள்ளமும் முக்கால் கட்டத்தைத் தின்றிருந்தன, எங்கள் கணக்கில் அது தரிசு. தோப்பு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி.

"புள்ளின்னா?"

"தரிசுண்ணே."

"என்னது?"

"தரிசு. ஒண்ணும் விளையாத நெலம்."

அவர் போட்ட சத்தத்தில் கீழே லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "எந்தோப்பா தரிசு? நாப்பது மரம்யா! அந்தக் கருப்புப் பய சூளைக்காக எந்தோப்பக் காணாம அடிப்பீகளா? இதெல்லாம் ஒரு படமா? எந்தப் பய எழுதுனது?"

"நான்தான் மாமா எழுதுனேன்" என்றான் வெள்ளைத்துரை. என் பேரை இழுக்கவில்லை. வாசித்தது நான்.

"போட்டும்ப்பா" என்றாள் அன்னக்கொடி. ரொம்ப நிதானமாகச் சொன்னாள். "அவுக முள்ளுக்காட்டுக்காரரு, நான் தரிசுக்காரர் மக. பொருத்தம் சரியாத்தான இருக்கு?"

கருத்தக்கண்ணன் சார் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்லகாமன் மகளை முறைத்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு இவுகளத்தான் பிடிச்சிருக்கு. மாத்திச் சொல்லி ஏமாத்தியிருக்கலாம்ல, சொல்லலையே. படத்த நம்புறதா இருந்தா ரெண்டையும் நம்புங்க, இல்லையா ரெண்டையும் விட்டுருங்க" என்றாள். தாவணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளைத்துரை அழுதே விட்டான், வெட்கமில்லாமல்.

நல்லகாமன் அந்தப் புள்ளியை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு விழுந்து கிடந்த நாற்காலியைத் தானே நிமிர்த்தி உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏந் தாயி, இந்தப் படத்துக்கும் பட்டாவுக்கும் சம்பந்தமில்லன்னு அன்னைக்கி நீ சொன்னேல்ல?"

"ஆமாண்ணே. சத்தியமாக் கிடையாது."

"அத மொதல்லயே சத்தமாச் சொல்ல வேண்டியதுதான" என்றவர், வெள்ளைத்துரையை ஏற இறங்கப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பரிசத்துக்கு ஆளுகளக் கூட்டிட்டு வாங்க. ஆனா இந்தப் படத்த மட்டும் கல்யாண வீட்டுப் பக்கம் கொண்டாந்துறாதீக, ஆமா. அந்தக் கருப்புப் பயலையும் அழைச்சிருக்கேன்."